வடநாட்டு மலரும் தென்னாட்டுச் சந்தனமும்

கன்னோஜ் நகரத்து அத்தரை வாங்கி ஊருக்கு அனுப்பும் நம் குடும்பங்களுக்கு ஒரு சொல். அங்கே செப்புக் கலத்தில் ரோஜா மலர்களை நீரிட்டுக் காய்ச்சுவர்; எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று சந்தன எண்ணெயில் ஒடுங்கும். மலர்மணம் விரைந்து கலைவது. எளிதில் ஆவியாகாத சந்தனமே அதனைப் பிடித்து நிறுத்துகிறது. காலையில் பூசினால் ரோஜா முன்னிற்கும். மாலையில் அது தணிய, தென்னாட்டு மரத்தின் மணம் மேலோங்கும்.

சந்தனத்தின் விலை ஏறியமையால், இன்று பலர் மணமற்ற பாரபின் எண்ணெயிலேயே அத்தரை இறக்குகின்றனர். ஆதலின், முகர்ந்தவுடன் விலை பேசாதீர்கள். மணிக்கட்டில் ஒரு துளி தடவி மாலைவரை பொறுங்கள். மலர் ஓய்ந்தபின் எதுவும் எஞ்சாத அத்தருக்கு, திருமண வரிசைத் தட்டில் இடமில்லை என்பதே நம் கருத்து.