நடை தள்ளாடும் வரை காத்திருக்க வேண்டாம்

தண்டுவடத்துக்குள் கட்டி என்று தெரிந்ததும், "முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும், நடக்க முடிகிற வரைக்கும் தள்ளிப்போடுவோம்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் கணக்கு தலைகீழ். இந்தக் கட்டிகள் அரிதானவை. பெரியவர்களுக்கு அதிகம் வருவது எபென்டிமோமா, குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமா. முன்னதற்குப் பெரும்பாலும் தெளிவான விளிம்பு இருப்பதால் முழுதாக எடுத்துவிட முடிகிறது. பலருக்கு அதோடு தொல்லை தீர்கிறது. பின்னது நரம்புத் திசுவோடு பின்னிக் கிடக்கும், பிரிப்பது கடினம். எந்த வகையானாலும், அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவர் எப்படி நடப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, அதற்கு முந்தைய நாள் அவர் எப்படி நடந்தார் என்பதே. 1990இல் நியூயார்க்கின் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் மெக்கார்மிக்கின் குழுவினர் நோயாளியின் நிலையை நான்கு படிகளாக வகுத்தார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு பின்னர் வந்த ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

கால்கள் செயலிழந்தவரும் எழுந்து நடந்த கதை உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1887இல் லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணர் விக்டர் ஹார்ஸ்லி கட்டியை அகற்றிய நோயாளி அப்படித்தான் மீண்டார். ஆனால் அந்தக் கட்டி தண்டுவடத்துக்கு வெளியே இருந்து அழுத்தியது. அழுத்தம் விலகியதும் நரம்பு பிழைத்தது. உள்ளே வளர்வது அவ்வளவு இரக்கம் காட்டாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிலைமை மோசமாகிறதே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், முதல் நாட்களில் மரத்துப்போவதும் பலவீனமும் பலருக்குக் கூடும். நன்றாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சில வாரங்களிலோ மாதங்களிலோ பிசியோதெரபியோடு குறைகிறது. படுக்கையில் வந்தவருக்கு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது.

இதற்காக முதுகுவலி வந்த எல்லோரையும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது வீண்செலவு. ஸ்கேன் மையங்களுக்கு மட்டுமே லாபம். அறிகுறி எதுவும் தராத சிறு கட்டியை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்று மருத்துவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் படுத்தால் கூடி இரவில் எழுப்பும் வலி, முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாட்டம், செருப்பு கழன்றதே தெரியாத பாதம், சிறுநீர் கழிக்கச் சிரமம் ஆகியவை வேறு ரகம். தைலமும் வலி மாத்திரையுமாக இவற்றோடு மாதங்களைக் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், நடந்து போக முடியும்போதே.