ஜலவாயு நிலையமும் நகர பஸ்களும்

நகர வீதிகளிற் புகை கக்காத பஸ்கள் ஓடவேண்டுமென்பதை மறுப்பார் இன்று அரியர். ஆயின், ஜலவாயுவாகிய ஹைட்ரஜனைக் கொண்டு அவற்றை ஓட்ட முற்படுவோர் வண்டியையே வியந்து பேசி, அதற்கு உணவூட்டும் நிலையத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாமெனக் கருதுவது முறையன்று. நிலையமே முதற்பொருள், வண்டி அதன் பின்னது என்பதே எமது துணிபு.

இதன் காரணத்தை ஆராய்வோம். ஜலவாயு பஸ்ஸிலுள்ள எரிமின்கலத்தில் அவ்வாயு காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது. வெளிப்படுவது நீரும் நீராவியுமே. ஆகவே வண்டி மாசற்றது. ஆனால் ஜலவாயு நிலக்கரிபோல் வெட்டியெடுக்கப்படுவதன்று, ஆக்கப்படுவது. இன்று உலகில் ஆக்கப்படுவதிற் பெரும்பகுதி இயற்கை வாயுவினின்றும் நிலக்கரியினின்றும் பெறப்படுகின்றது. அப்போது கரியமில வாயுவும் உடன் பிறக்கின்றது. அங்ஙனம் பெற்றதை நிரப்பினால், புகை வீதியைவிட்டு ஆலைக்குக் குடிபெயர்ந்ததேயன்றி ஒழிந்ததாகாது. நீரை மின்சாரத்தாற் பகுத்துப் பெறுவதாயின், ஒரு கிலோகிராமுக்கு 50 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும். அவ்வாயுவில் அடங்கிய சக்தியோ ஏறக்குறைய 33 யூனிட்டே. பின்னர் அதைக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 350 மடங்கு அழுத்திப் பஸ்ஸில் ஏற்றவேண்டும். திரவமாகச் சேமிப்பதாயின் பூஜ்யத்திற்குக் கீழ் 253 டிகிரி சென்டிகிரேடு குளிரிற் காக்கவேண்டும்.

கனடா தேசத்தில் நிகழ்ந்ததொன்று இவ்வுண்மையை விளக்கும். 2010-ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களையொட்டி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து விஸ்லர் நகரில் 20 ஜலவாயு பஸ்களும் அவற்றிற்கென ஒரு பெரிய நிலையமும் அமைக்கப்பெற்றன. திட்டத்தின் செலவு ஏறக்குறைய 9 கோடி கனடிய டாலர். அம்மாகாணமோ நீர்மின்சக்தி மலிந்தது. எனினும் ஜலவாயு அங்கே ஆக்கப்படவில்லை. 4,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கியூபெக் மாகாணத்தினின்று லாரிகளிற் கொணரப்பட்டது. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் நம் பழமொழியை மெய்ப்பித்தாற்போலச் செலவு டீசல் பஸ்களினும் மிக்கதாயிற்று. 2014-ஆம் ஆண்டிற் பரீட்சைக் காலம் முடிந்ததும் அவை நீங்க, டீசல் பஸ்களே மீண்டும் வந்தன. ஊற்று அருகில் இல்லாமையும் அம்முயற்சி தளர்ந்தமைக்கு ஒரு காரணமென்க.

'முதலில் வண்டிகள் ஓடட்டும். தேவை மிகுந்தால் ஊற்றும் தானே தோன்றும்' என்பர் சிலர். புதுமுயற்சிக்குத் துணிவு வேண்டுமென்பது மெய்யே. ஆயினும் ஒரு நகரத்தின் இருபது வண்டிகள் ஒரு பேராலையைத் தோற்றுவிக்க வல்லனவல்ல. பொதுமக்களின் வரிப்பணமும், அன்றாடம் பஸ்ஸை நம்பி வேலைக்குச் செல்லும் எளியோரின் பயணமும் இதில் அடங்கியிருத்தலின், துணிவுக்கு முன் கணக்கு வேண்டும். நிலையத்திற்கு அடிக்கல் நாட்டுமுன் நகரத்தார் மூன்று வினாக்களுக்கு விடை காணக்கடவர். வாயு எங்கே, எதிலிருந்து பிறக்கும்? அதனைக் கொணரும் கூலி யாது? அதே மின்சாரத்தை நேரே பாட்டரி வண்டியில் ஏற்றினால் அவ்வூரின் வழித்தடங்களுக்குப் போதாதோ?

இவற்றிற்குத் தக்க விடை கிடைக்குமாயின், நிலையம் எழுக. கிடையாதாயின், அது மணல்மேற் கட்டிய வீடேயாம். நாளை நகர சபைகளிலும் தொழிற்சாலைகளிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவ நண்பர்கள், கண்கவர் வண்டியைக் கண்டவிடத்து அதன் ஊற்று எங்கேயென்று வினவும் வழக்கத்தை இன்றே கைக்கொள்வாராக.