உடும்புக்கு எதற்கு ஹீட்டர்?

ரயில்வே மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ, தொழில் கற்றது ஏ.சி. பெட்டிகளில். பெங்களூரில் எங்கள் குடியிருப்பில் கீசர், மிக்ஸி பழுது என்றால் இன்றும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒரு டிசம்பர் மாலை வந்த கோரிக்கை சற்று வேறு மாதிரியானது.

கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன், எட்டாம் வகுப்பு படிப்பவன், ஓர் அட்டைப் பெட்டியுடன் வந்து நின்றான். "தாத்தா, இது ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது. குளிர்ல சுருண்டே கிடக்குது. ஒரு ஹீட்டர் வெச்சுக் குடுங்க." உள்ளே ஒரு முழ நீளத்தில் உடும்புக் குட்டி. பக்கத்து மனையில் புதர் வெட்டியபோது பிடித்ததாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. என் தொழிலுக்கு மறுபடி ஒரு வேலை! இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன், படம் வரைந்தேன்.

உடும்பு நம்மைப்போல் உடம்பிலேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. வெயில் காய்ந்து உடல் சூடேறினால்தான் அதற்கு ஓட்டமும் பசியும். குளிர்ந்த உடம்போடு தின்றால் இரை செரிக்காது. ஆகவே கூண்டு முழுவதும் ஒரே சூடு கூடாது. ஆப்பிரிக்க உடும்புகளை வளர்க்கும் மேல்நாட்டார், ஒரு கோடியில் விளக்கின் கீழ் ஐம்பது டிகிரிக்கு மேல் சுடும் கல்லும், மறு கோடியில் இருபத்தைந்து டிகிரி அளவில் நிழலும் வைக்கிறார்கள். வேண்டிய இடத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். விளக்குக்குக் கம்பி வலை, சூட்டை அளவோடு நிறுத்த தெர்மோஸ்டாட், புற ஊதாக் கதிருக்குத் தனி விளக்கு எல்லாம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. 150 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் நாளைக்கு ஒன்றரை யூனிட். மாதம் 45 யூனிட். ஏ.சி. பெட்டியில் காற்றாடி நின்றால் ஹீட்டரும் தானே நிற்க வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். அந்தப் பாதுகாப்பையும் படத்தில் சேர்த்தேன்.

படம் முடிந்ததும்தான் புத்தி வந்தது. பெங்களூரில் குளிர் புதிதா? 1884 ஜனவரி 13 அன்று இங்கே 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்தக் குளிரையும் உடும்பு இனம் ஹீட்டர் இல்லாமல்தானே கடந்து வந்தது! இரவில் அதற்கு வளை உண்டு. மண் அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடாது. விடிந்தால் வெயில் உண்டு. இரண்டையும் பறித்துப் பெட்டியில் அடைத்தது நாம். பிறகு குளிருகிறது என்று விளக்கு தேடுவதும் நாம். வளர்ந்தால் ஐந்தடியைத் தாண்டும் பிராணியை இரண்டு அறை வீட்டில் எங்கே வைப்பது?

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து நிற்கிறது உடும்பு. பிடித்து வைத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்தின்படி அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். வெளிநாட்டு இனம்தானே என்றும் தப்ப முடியாது. 2024-ல் வந்த விதிகளின்படி அவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.

கறிக்கும் எண்ணெய்க்கும் இதைக் கொல்பவர்கள் ஒரு பக்கம். அதிர்ஷ்டம் தரும் வேர் என்று விற்கப்பட்ட 'ஹத்தா ஜோடி', உண்மையில் உலர்த்திய ஆண் உடும்பின் உறுப்பு என்பது 2017-ல் அம்பலமானது. இந்தக் கொடுமை போதாதென்று நாம் அன்பினாலும் அதை வாட்ட வேண்டுமா?

பையனிடம் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அழுதான். அவன் அப்பாவுக்கோ சட்டத்தைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். ஊழியர் ஒருவர் வந்து, "உடா, உடா" என்று கன்னடத்தில் கொஞ்சியபடியே பைக்குள் விட்டு எடுத்துப் போனார். "அங்கே அதுக்குக் குளிராதா தாத்தா?" என்றான் பையன். "வெயில் எங்கே இருக்குன்னு உன்னையும் என்னையும் விட அதுக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. இன்றைக்கு நம்மைப் பார்த்து "கையை விட்டால் போதும்" என்று கெஞ்சுவது உடும்புதான். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து இங்கே மனை வாங்கி வீடு கட்டும் நாம், நமக்கு முன்பே இங்கே குடியிருந்ததை மறக்கலாகாது. வீட்டோரம் உடும்பைக் கண்டால் பிள்ளைகளுக்குத் தூர நின்று காட்டுங்கள். தானே போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். முடிந்தால் மனையின் ஒரு மூலையில் கொஞ்சம் புதரையும் கல்லையும் அப்படியே விட்டுவையுங்கள். அதற்கு மின்கட்டணம் கிடையாது.