அஞ்சாம் வகுப்பு சாருக்கு ஒரு கார்டு

செப்டம்பர் 5 வந்தால் இப்போ பாடம் நடத்தும் சார், டீச்சருக்குப் பேனாவும் ரோஜாவும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் சின்ன வகுப்பில் கையைப் பிடித்து எழுத வைத்தவர்களை யார் நினைக்கிறோம்? அன்னைக்கு அவர்களைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து.

அப்துல் கலாம் மறக்கவில்லை. ராமேஸ்வரத்தில் அவர் அஞ்சாம் வகுப்பு படித்தபோது சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவை வரைந்து, அது பறக்கும் விதத்தை விளக்கினார். பையன்களுக்குப் புரியல. அவர் கோபப்படவில்லை, கடற்கரைக்கே கூட்டிப்போய் நிஜப் பறவையைக் காட்டினார். 2002-ல் ஜனாதிபதி ஆன பிறகும் கலாம் மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்க அஞ்சாம் வகுப்பு சாரும் லேசுப்பட்டவர் இல்லை. பின்னக் கணக்கு புரியாம நான் முழிச்சப்ப, தன் டிபன் பாக்ஸைத் திறந்து தோசையை நாலாப் பிய்ச்சார். "இது முக்கால், நீ தின்னுலே. இது கால், எனக்கு" என்றார். மத்தியானம் அவருக்கு அந்தக் கால் தோசைதான் மிச்சம்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது.

போன ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறை படித்துறையில் அவரைப் பார்த்தேன். தலை நரைச்சிருந்தது. பேச வெட்கப்பட்டுக் கூட்டத்தில் ஒளிஞ்சிட்டேன். அவர் என்னைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

கார்டு வாங்கி வச்சிருக்கேன், விலாசம்தான் இல்லை. ரிட்டையர் ஆகி சேரன்மகாதேவி பக்கம் போயிட்டார்னு கேள்வி. அங்கிருந்து பஸ்ஸில் வர்றவங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்.

– 9 'ஆ' மாணவன்