டிராயிங் பீரியடைக் கடன் கேட்காதீர்கள்

தமிழ்நாட்டுப் பெற்றோரின் நம்பிக்கைகளில் குலதெய்வத்துக்கு அடுத்தபடி உறுதியானது ஒன்று உண்டு. வரைவது, வெட்டி ஒட்டுவது, எதையாவது கழற்றி மாட்டுவது, கம்ப்யூட்டரில் பொம்மையை நடக்க வைப்பது எல்லாம் படிப்பு ஏறாத பிள்ளையின் வேலை. படிக்கிற பிள்ளை கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் போட்டு உருட்டினால் போதும். டிசைன் கிசைன் எல்லாம் காலேஜில் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிகளும் இதையே நம்புகின்றன. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது டிராயிங் பீரியட்தான். "சார், போர்ஷன் முடியல, இந்த ஒரு பீரியட் மட்டும்" என்று கணக்கு ஆசிரியர் வாங்கும் அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த நம்பிக்கை முதலில் கவிழ்ப்பது, யாருக்காக நாம் இதைக் கட்டிக் காக்கிறோமோ அந்தப் 'படிக்கிற பிள்ளையை'த்தான்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பொருளைப் பார்க்கவும் வரையவும் தெரிகிறதா என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அப்படி 190 வாங்கி உள்ளே வந்த பிள்ளை, மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு முதலாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் உட்கார்கிறது. ஓர் அறுகோணப் பட்டகம், அதன் அச்சு தரையோடு 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி? இதற்குச் சூத்திரம் கிடையாது. பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். 12 வயதில் ஒரு சோப்புக் கட்டியைச் செதுக்கியிருந்தால், ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மறுபடி மடித்திருந்தால் வந்திருக்கக்கூடிய பழக்கம் அது. 18 வயதில் என்ன நடக்கிறது? எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்று வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியில் பட்டகம் கொஞ்சம் திரும்பி நின்றால் அரியர். நான்காம் ஆண்டு வந்ததும் ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அப்பா வாங்கிக் கொடுத்த தெர்மாகோல் சூரியக் குடும்பத்தின் தொடர்ச்சிதான் அது.

கையால் செய்வதில் மூளைக்கு வேலை இல்லை என்பவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பவுண்டரிக்குப் போய், பேட்டர்ன் செய்பவர் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்க வேண்டும். பம்புக்கான வார்ப்பு எந்த வடிவில் வர வேண்டுமோ அதை அவர் மரத்தில் செய்கிறார். அதே அளவில் செய்தால் பொருள் கெட்டது. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும். ஆகவே அந்த அளவுக்கு நீட்டிப் பிரிக்கப்பட்ட தனி ஸ்கேல் வைத்திருப்பார். அலுமினியத்துக்கு அது வேறு. மணலிலிருந்து மரத்தை உருவும்போது மணல் சுவர் இடியாமலிருக்கப் பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு வேண்டும். பிறகு லேத்தில் கடைந்து எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் கூடுதல் தடிமன். உள்ளே தண்ணீர் ஓடும் வெற்றிடத்தைத் தனியாக, தலைகீழாக, யோசிக்க வேண்டும். வடிவியல், வெப்பத்தால் ஏற்படும் விரிவு, விகிதம் எல்லாம் ஒரே மரக்கட்டையில் இருக்கின்றன. நம் பள்ளியில் இவை மூன்று வெவ்வேறு பாடங்களின் ஐந்து மதிப்பெண் வினாக்கள்.

இந்த இளக்காரம் மார்க்கிலிருந்து வந்ததல்ல. மார்க் நேற்று வந்த சங்கதி. கையில் அழுக்குப் படுகிறவன் கீழே, படாதவன் மேலே என்று பல நூற்றாண்டுகளாக வைத்திருந்த அடுக்குதான், ஃபர்ஸ்ட் குரூப், வொகேஷனல் குரூப் என்று பெயர் மாற்றிக்கொண்டு பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை "நீ வொகேஷனல் போ" என்று அனுப்பும்போது அதை ஆலோசனையாக யாரும் கேட்டுக்கொள்வதில்லை. தண்டனையாகத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கோபம் குறுக்கே வரும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை மூன்று மணியாக வெட்டி, மீதி நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொன்னது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். அடுத்த ஆண்டு காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது முற்றிலும் சரி. அதனால்தான் இன்றும் பள்ளியில் கைவேலை என்று யாராவது வாயெடுத்தால் நமக்குக் காது விடைக்கிறது. விடைக்கட்டும். ஆனால் அந்தத் திட்டத்தின் குற்றம் எது? அப்பனின் வேலையை மகனுக்கு விதித்ததும், அதற்காகப் படிப்பு நேரத்தைப் பறித்ததும். துப்புரவுப் பணியாளரின் மகளும் வங்கி மேலாளரின் மகனும் ஒரே மேசையில் ஒரே ரம்பத்தைப் பிடித்து, இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு சிக்கலுக்கு விடை தேடுவது குலக்கல்விக்கு நேர் எதிரானது. கைவேலையைப் பள்ளியைவிட்டு அறவே துரத்தியதில் லாபம் அடைந்தது குலக்கல்வியை எதிர்த்தவர்கள் அல்ல, கையில் அழுக்குப் படக்கூடாது என்று முன்பே நினைத்தவர்கள்தான்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகள் 10 நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் போய் இருந்து வரலாம் என்கிறது. 10 நாளில் சுற்றுலா போகலாம். பாடம் என்றால் வாரத்துக்கு இரண்டு பீரியடாவது, ஆறாம் வகுப்பு முதல் தொடர்ந்து, அதற்கென ஓர் ஆசிரியரோடு நடக்க வேண்டும்.

அந்த வகுப்பில் என்ன செய்வார்கள்? பெரிய கருவி எதுவும் வேண்டாம். மதிய உணவு முடிந்து தட்டுக் கழுவும் குழாயடியை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பள்ளியிலும் அங்கே தள்ளுமுள்ளு, சட்டையெல்லாம் தண்ணீர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக் குழந்தையின் முழங்கை உயரத்தை அளக்கட்டும், ஒரு தட்டுக் கழுவ எத்தனை நொடி என்று எண்ணட்டும், எந்த உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீர் தெறிக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு மூன்று விதமாக வரையட்டும். அட்டையில் செய்யட்டும், அது சரியும், சரிய வேண்டும். ஏன் சரிந்தது என்று எழுதிவிட்டு மறுபடி செய்யட்டும். கடைசியில் தங்கள் யோசனையைத் தலைமையாசிரியருக்குப் புரியவைக்க, செல்போனில் படம் படமாக எடுத்துக் கோத்து ஒரு நிமிட அசைபடம் தயாரிக்கட்டும். பொறியியல் வடிவமைப்பும் டிஜிட்டல் கலையும் இங்கே தனித்தனிப் பாடங்களாக இல்லை. மற்ற வகுப்புகளில் முதல் விடை தப்பானால் சிவப்பு மை. இங்கே முதல் விடை தப்பாவதுதான் வகுப்பின் தொடக்கம்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் பணிக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரை நியமித்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அதன்பின் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததுதான் ஓயவில்லை. ஒரு பாடத்தை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2016-ல் நிதி ஆயோக் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. 3டி பிரிண்டர், சென்சார், ரோபோ கிட் எல்லாம் வந்தன. உறை மாட்டிய பிரிண்டர் இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் வெளிச்சம் பார்ப்பது எந்தெந்தப் பள்ளியில் என்று கேட்டால் ஆசிரியர்களே சொல்வார்கள். கருவி வந்தது, பீரியட் வரவில்லை. இன்னொரு கூத்து: பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் இருக்கிறது. குழந்தைகள் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கித் தாங்களே கதையும் விளையாட்டும் செய்து பார்க்க எம்.ஐ.டி.யில் உருவான மென்பொருள் அது. நம்மிடம் அது, அசைவூட்டம் செய்யும் மென்பொருள் எது என்று கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவாகிவிட்டது. கம்ப்யூட்டரைத் தொடாமலே அந்த மதிப்பெண்ணை வாங்கிவிடலாம்.

டிஜிட்டல் கலைக்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டும் என்பதும் பழைய சாக்கு. 2025-ல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படமான 'ஃப்ளோ', யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டரில் செய்யப்பட்டது. இனி ஏ.ஐ. வரைந்து தந்துவிடுமே என்பது இன்றைய சாக்கு. தரட்டும். அது தந்த நாற்காலிப் படத்தில் பின்கால் எதையும் தாங்காமல் அந்தரத்தில் நிற்பதைக் கண்டுபிடிக்க, நாற்காலி செய்து பார்த்த கண் வேண்டும்.

கடைசியாகக் கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவைக் கொண்டுவருவார்கள். அவருக்கு யார் டிசைன் சொல்லிக் கொடுத்தார்? யாரும் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் கழற்றிப் பார்க்கும் அந்தச் சுதந்திரம் கிடைக்க அவர் பள்ளியை விட வேண்டியிருந்தது. பள்ளிக்கு இது பெருமையா?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் கணக்கு மதிப்பெண்ணை விசாரித்து முடித்ததும், இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த மாதம் எத்தனை டிராயிங் பீரியட் நடந்தது? லேப் சாவி யாரிடம் இருக்கிறது? பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.