குப்பைக்கு விசா வேண்டாம்

குப்பையைத் தரம்பிரிக்க எங்கள் சமூகத்துக்குப் பழக்கவேண்டுமாம். லண்டனில் எங்கள் பகுதியில் நடந்த சூழல் கூட்டமொன்றில் வெள்ளைக்கார நண்பர் ஒருவர் சொன்னார். பிழையில்லை. சாமத்திய வீட்டு மண்டபங்களில் மலையாகக் குவியும் பிளாஸ்ரிக் தட்டுகளை நானும் கண்டிருக்கிறேன். பனையோலைப் பெட்டிப் பெருமை பேசி அதை மறைக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி. நாங்கள் எல்லோரும் எறிந்தவை எங்கே போகின்றன?

2017க்கும் 2019க்கும் இடையில், பாவித்த மெத்தை, கம்பளம் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. உள்ளே ஆஸ்பத்திரிக் கழிவும் கிடந்ததாக இலங்கை அதிகாரிகள் சொன்னார்கள். அபாயகரமான கழிவுகள் எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1992 முதலே நடைமுறையில் இருக்கிறது. இருந்தும் இது நடந்தது. சூழல் அமைப்பொன்று நீதிமன்றப் படியேறவேண்டி வந்தது. 263 கொள்கலன்கள், ஏறத்தாழ 3,000 தொன். கடைசித் தொகுதி திருப்பி அனுப்பப்பட்டபோது 2022 பிறந்துவிட்டது.

எங்களுடைய ஒவ்வொரு கடதாசியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நாடு இது. அதன் குப்பையோ பொய்ப் பெயரில் எங்கள் மண்ணில் போய் இறங்கியது.

தரம்பிரிப்போம், பையைத் திரும்பத் திரும்பப் பாவிப்போம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாளியின் நிறத்தைப் பார்த்து மனச்சாட்சியைத் தூங்கவைக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் கவுன்சிலிடம் கேட்போம்: இந்த வாளி கடைசியில் யாருடைய முற்றத்தில் கொட்டப்படுகிறது? பதிலை எழுத்தில் தாருங்கள். பாடத்தை அதற்குப் பிறகு நடத்தலாம்.