யாருடைய கடல், யாருடைய மின்சாரம்?

அடையாற்று முகத்துவாரத்தின் அருகே, பெசன்ட் நகர் அடுக்குமாடிகளுக்கும் அலைகளுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். நாட்டின் எரிசக்திக் கொள்கையைப் பேச இவ்வூரை ஏன் இழுக்கிறீர் என்று வாசக அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. இக்குப்பத்தாரின் முன்னோர் கட்டுமரத்தில் பாய்விரித்துக் கடலோடியவர்கள். வாடைக்கும் கச்சானுக்கும் கொண்டலுக்கும் தனித்தனியே கணக்கு வைத்திருந்தவர்கள். அதில் ஒரு சொட்டு எண்ணெயும் எரிந்ததில்லை. பாயைச் சுருட்டி இயந்திரம் பூட்டச் சொல்லி ஊக்குவித்தது அரசே. இன்றோ, காற்றே வருங்கால எரிபொருள் என்று அவர்களுக்கே பாடம் நடத்துகிறோம்!

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070க்குள் கரிம உமிழ்வை நிகரப் பூச்சியமாக்குவோம் என்று இந்தியா வாக்களித்தது. அவ்வாக்கை நான் எள்ளவில்லை. 2025 ஜூனில் நம் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி முதலான புதைபடிவ எரிபொருள் சாராததாயிற்று என்ற அறிவிப்பும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. கதிரவன் மறைந்தபின் நாம் எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியின் கொடைதான். 2024 மார்ச்சில்கூட வடசென்னையில் 800 மெகாவாட் அனல்மின் அலகொன்று தொடங்கிவைக்கப்பட்டது. தென்சென்னையின் குளிர்சாதனங்களுக்கு மின்சாரம்; கொசஸ்தலையாற்றுக்குச் சாம்பல்.

எனினும் என் வழக்கு நிலக்கரியோடு மட்டுமன்று. ‘தூய’ என்னும் அடைமொழியோடும்தான். அணுமின்சாரமும் அப்பட்டியலில் இருக்கிறது. கூடங்குளத்தைக் குறித்து 2011 முதல் இடிந்தகரை லூர்து அன்னை ஆலய முற்றத்தில் அமர்ந்து கேள்வி கேட்ட மீனவ மக்கள் ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்கில் சேர்க்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. புகையில்லாத மின்சாரமே ஆயினும், உரியவரைக் கேளாமல் வருமானால் அதனைத் தூயதென எங்ஙனம் அழைப்பது?

இப்போது கடற்காற்றாலை வருகிறது. 2015இல் கொள்கை வகுத்தனர். 2024 பிப்ரவரியில் தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கான கடற்படுகைக் குத்தகைக்கு ஏலம் அறிவித்தனர். அவ்வாண்டு ஜூனில், குஜராத்துக்கும் தமிழகத்துக்குமாக 1,000 மெகாவாட்டுக்கு 7,453 கோடி ரூபாய் உதவித்திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. அந்த ஏலம் என்னவாயிற்று என்பதன்று என் கேள்வி. குத்தகைக்கு விடுமுன் அக்கடலில் தொழில் செய்வோரைக் கேட்டது யார்?

அலுவலக வரைபடத்தில் கடல் வெறும் நீலம். மீனவர்க்கோ அது, இங்கே பார், இங்கே சேறு, இன்ன மாதத்தில் இன்ன மீன் மேயுமிடம் என்று பெயரும் எல்லையும் உடைய பரப்பு. பட்டா மட்டுந்தான் இல்லை. காற்றாலைக் கம்பத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் விலக்கு? சிறுபடகு ஊடே செல்லலாமா? கரைக்கு வரும் மின்வடத்தில் வலை சிக்கினால் இழப்பு யாருடையது? இவை ஏலத்துக்குப் பின் ஆராயத்தக்க சில்லறை ஐயங்கள் அல்ல.

கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நீர் புகுவது குப்பத்தில்தானே, அவர்கள் காற்றாலையை வரவேற்க வேண்டாமா என்பர் சிலர். முதற்பாதி உண்மை. ஆனால் தாம் உண்டாக்காத நோயினால் முதலில் சாகிறவனிடம் மருந்தின் விலையையும் வசூலிப்பது எந்த அறநூலில் உள்ளது? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் தனித்தனியே தீர்க்கவியலாது என்று கற்பித்தார். அம்மடலைப் பங்குதோறும் படித்தோம். மரக்கன்றுகளும் நட்டோம். (திருவிழாவின் வண்ணவிளக்குகளில் ஒன்றையும் குறைக்கவில்லை என்பது வேறு செய்தி.)

எனவே பொதுநிலையினர் கேட்கவேண்டியது இது. கடற்படுகையின் ஓர் அடியை எவருக்கேனும் குத்தகை விடுமுன், அக்கடலில் தொழில் செய்யும் ஒவ்வொரு மீனவ ஊரிலும், தமிழில் அச்சிட்ட வரைபடத்தோடு அதிகாரிகள் வந்தமர வேண்டும். ஊர் இசைந்தால் மட்டுமே ஏலம். குத்தகை வருவாயில் ஒரு பங்கு அவ்வூர்களுக்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். அடுத்த ஏல அறிவிப்பு வெளிவருமுன் இதனை விண்ணப்பமாக எழுதி, நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையில் நேரே கொடுப்போம்.